உரம் விழுந்த புள்ளைக்கு யூரியா

வாங்கடி, வாங்க. நர்சம்மா வண்டி இன்னும் கண்மாய்க் கரை திரும்பல. புதன்கிழமை ஊசிக்கு இந்த அங்கன்வாடி வாசல் வேப்பமரந்தான் நமக்குப் பந்தல். இப்படி நெழலுக்குள்ள தள்ளி உக்காருங்க. ஆளுக்கொரு புள்ள இடுப்புல, ஆளுக்கொரு போனு கையில. புள்ள நழுவினாலும் நழுவும், போன நழுவ விடமாட்டீக. அப்படி என்னாடி பாக்குறன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல அப்பத்தா"ங்கிறா. ஒண்ணுமில்லாததை ஒரு மணி நேரம் பாக்குறதுக்கும் ஒரு பொறுமை வேணுமுல்ல.

எம் பேரன் பொண்டாட்டி கதையைச் சொல்றேன், கேளுங்க. அவ எழுத்துக் கூட்டியெல்லாம் அமுக்க மாட்டா. மைக்கை அமுக்கிப் பேசிருவா. புள்ளைக்கு மூணு மாசம் இருக்கும், ஒரு நா ராத்திரி வீறுவீறுன்னு அழுகை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்து, "தூக்குனதுல சுளுக்கி உரம் விழுந்துருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. இவ போன்கிட்ட, "உரம் விழுந்தா என்ன செய்யணும்"னு கேட்டா. உடனே ஒருத்தன் வயக்காட்டுல நின்னுக்கிட்டு, ஏக்கருக்கு எத்தனை மூடை யூரியா, டிஏபியை அடியுரமாப் போடணுமா மேலுரமாப் போடணுமான்னு விலாவாரியா ஆரம்பிச்சுட்டான். போனைக் குத்தம் சொல்ல முடியுமா? கேட்டதுக்கு ஒழுங்காத்தான் சொல்லுச்சு. கேக்குறவ மடியில புள்ள கெடக்கா, நெல்லு நாத்து கெடக்கான்னு அதுக்குத் தெரியல, அம்புட்டுதான்.

பொறவு கேள்வியை மாத்தினா. "குழந்தை விடாமல் அழுகிறது"ன்னா. அதுக்கு மேல அந்த வீட்டுல ஒருத்தரும் தூங்கல. குடல் சொருகல், மூளைக்காய்ச்சல், காதுக்குள்ள சீழு, இன்னும் வாயில நொழையாத பேரா ஏழெட்டு. பன்னெண்டு மணிக்கு என்னைய உலுக்கி எழுப்பி, "அப்பத்தா, மூளையில ஏதோ"ன்னு கண்ணைக் கசக்குறா. நான் எழுந்து போயி புள்ள கோமணத்தை அவுத்தேன். கட்டெறும்பு. தொடை இடுக்குல ஒய்யாரமாக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கு.

சிரிங்க, சிரிங்க. நானும் அந்த ஒத்த எறும்பை வச்சுத் தெருவுல மூணு மாசம் பெருமை பேசுனவதான். அடுத்த ஆட்டத்துல அவ போனு செயிச்சு, நான் தோத்துப் போனேன். அந்தக் கதை பொறவு வரும். பெரிய மனுசி தோத்ததை முதல்லயே சொல்லலாமா?

உங்க மாமியாமாருக இன்னைக்குப் போனைப் பாத்து மூஞ்சியைச் சுழிக்கிறாகல்ல, அவுகளுக்கு ஒரு சேதி. நாங்க மட்டும் என்னத்தைக் கண்டோம்? பொறந்த புள்ளைக்குச் சேனை வைக்கணும்னு சீனித் தண்ணியோ தேனோ தொட்டு நாக்குல வச்சோம். சேனை வச்சவுக குணந்தான் புள்ளைக்கு வருமாம். எம் பெரிய பேரனுக்கு வச்சது அவன் தாய்மாமன். வாங்குன கடனைத் திருப்பிக் குடுக்காத குணம் அப்படியே வந்துருக்கு, அதுல மட்டும் எனக்குச் சந்தேகமில்ல. ஆனா தேன்ல ஒரு கிருமி இருக்கும், ஒரு வயசுக்குள்ள புள்ளைக்குக் குடுத்தா கை காலெல்லாம் தொவண்டு போகலாம்னு இப்பச் சொல்றாக. அப்ப எங்களுக்கு யாரு சொன்னா? மஞ்சளாக் கட்டியா வந்த சீம்பாலை, கெட்ட பாலுன்னு சுவத்துல பீச்சி விட்டோம். புள்ளைக்கு மொத தடுப்பு மருந்தே அதுதானாம். எத்தனை புள்ளைக மருந்தைச் சுவத்துக்குக் குடுத்தோமோ! அந்தச் சுவருக இன்னும் நோய் நொடி இல்லாமத்தான் நிக்கிது.

அதனால நான் போனுக்கு எதிரியில்ல. அதுக்குள்ள எப்படிச் சமைக்கிறாகன்னு பாத்தவ, அம்புட்டுதான்.

கோயமுத்தூர்ல வேலை பாக்குற எஞ் சின்னப் பேரன் தீவாளிக்கு வந்தான். "அப்பத்தா, உம் மூஞ்சி வீடியோவுக்குன்னே செஞ்ச மூஞ்சி"ன்னான். எம் புருசன் ஐம்பது வருசத்துல ஒரு நா கூடச் சொல்லாத வார்த்தை. விழுந்துட்டேன். சுங்குடிச் சேலையைக் கட்டிவிட்டு, உரைகல்லைக் கழுவிக் குடுத்து உக்கார வச்சான். பாட்டி வைத்தியமாம். நானும் வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய்னு ஒவ்வொண்ணா உரசிக் காட்டி, "இப்படித்தாத்தா அந்தக் காலத்துல உரைமருந்து குடுத்தோம்"னேன். பொறவு, "இப்பக் குடுக்காதீக. வசம்பு பச்சப்புள்ள வயித்துக்குள்ள போனா வாந்தி கண்டு மயங்கிப் போகும். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர பச்சத்தண்ணி கூட வேண்டாம்னு டாக்டருமாரு சொல்றாக"ன்னு அதையும் நிறுத்தித்தான் சொன்னேன்.

பய பாதியை வெட்டிட்டான். எந்தப் பாதியைன்னு கேக்கணுமா? உரசுறது இருக்கு, குடுக்காதீகங்கிறது இல்ல. வசம்பைச் சுத்திச் சிவப்பா ஒரு வட்டம், மேல "அப்பத்தாவின் ரகசிய மருந்து". நாலு நா கழிச்சு பஸ் ஸ்டாண்டுல யாரோ ஒரு புள்ளத்தாய் வந்து கையைப் பிடிக்கிறா. "அப்பத்தா, நீங்க சொன்ன மருந்தை எத்தனை சொட்டு குடுக்கணும்?" எனக்கு அடிவயிறு கலங்கிப் போச்சு. வீட்டுக்கு வந்து வெளக்கமாத்தை எடுத்தேன். அழிச்சுட்டான். "நாலாயிரம் பேரு பாத்துட்டாக அப்பத்தா"ன்னான், அதுல ஒரு பெருமை வேற. பாத்தவுக கண்ணுக்குள்ள இருந்து எப்படிடா அழிப்ப? ஏன் வெட்டினன்னு கேட்டதுக்கு அவன் சொன்ன பதில்தான் இதுல பெருசு. "வேண்டாம்னு சொல்ற வீடியோவை யாரு பாப்பா?"

அன்னையிலேருந்து எந்த வீடியோவைப் பாத்தாலும், வெட்டின பாதி எங்கன்னுதான் தேடுறேன். நீங்களும் தேடுங்க. இன்னொண்ணும் பாருங்க. மஞ்சச் சேலை கட்டி, "நானும் ஒரு அம்மாதான் சிஸ்டர்"னு ஒருத்தி கண்ணு கலங்கப் பேசுவா. பால் பத்தலையா, புள்ள எடை ஏறலையான்னு உங்க மனசுல இருக்கறதையெல்லாம் அவளே கேப்பா. கடைசியில கீழ ஒரு பொடி டப்பா இருக்கும், 899 ரூவா. சந்தையில கத்திரிக்கா விக்கிறவன், "எங்காயில சொத்தை இருக்கு"ன்னு எப்பவாச்சும் சொல்லிருக்கானா? டப்பாப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரமே செய்யக் கூடாதுன்னு 1992லயே சட்டம் இருக்காம். அதுக்கென்ன, வாசல்ல வரக் கூடாதுன்னா சன்னல் வழியா சிஸ்டர் வருவா.

பால் பத்துதான்னு தெரிய 899 ரூவா எதுக்கு? புள்ள நாளைக்கு ஆறேழு தடவை மூத்திரம் போகுதான்னு பாரு. இங்க எடை போடுற தராசுல மாசாமாசம் ஏறுதான்னு பாரு. ரெண்டும் சரின்னா பாலும் சரி. துணி அலசுற கையி சொல்றதை விட்டுப்புட்டுப் போன்கிட்ட எதுக்குக் கேக்குற?

ஏய், அந்தச் செவப்புச் சேலைக்காரி, நீ எதுக்குச் சிரிக்கிற? இரும்புச்சத்து மாத்திரை தின்னா புள்ள கறுப்பாப் பொறக்கும்னு போன்ல பாத்துட்டு, பட்டையோட கூரையில சொருகி வச்சவ யாரு? மழை வந்தப்ப மாத்திரை மழை பெஞ்சுச்சுன்னு ஊரே சொல்லுதே. நீயும் கறுப்பு, ஒம் புருசன் கரிச்சட்டி, மாத்திரை மேல ஏண்டி பழி? அது வெளிக்குப் போறதைத்தான் கறுப்பாக்கும், புள்ளையை இல்ல. 180 நாள் தின்னுன்னு குடுத்தா, சோறு தின்னு ஒரு மணி நேரங் கழிச்சுப் போடு, காப்பி டீயோட போடாத. எங்க காலத்துல புள்ள பெத்தவளுக சோகை புடிச்சு வெளுத்துக் கெடந்தாளுக. அதைப் பாத்து "நல்லா நெறமாயிட்டா"ன்னு சொன்ன ஊரு இது.

சரி, தோத்த கதைக்கு வர்றேன்.

அந்தப் பேரன் பொண்டாட்டி புள்ளைக்கு எட்டாம் மாசம், பங்குனி வெயிலு. கழிச்சல் ஆரம்பிச்சுருச்சு. தண்ணி தண்ணியாப் போகுது. தடவிப் பாக்குறேன், உச்சிக்குழி உள்ள இறங்கிக் கெடக்கு. "உச்சி விழுந்துருச்சு, வெளக்கெண்ணெயை வச்சுத் தேய், தண்ணி குடுக்காத, குடுத்தா இன்னும் போகும்"னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா. போனைக் காட்டி, "உச்சி விழுந்தா உடம்புல தண்ணி இல்லைன்னு அர்த்தம் அப்பத்தா. நீங்க கண்டுபிடிச்சது சரி, மருந்துதான் தலைகீழு"ன்னா. நர்சம்மாவுக்கும் போனைப் போட்டுக் கேட்டுக்கிட்டா. ஓஆர்எஸ் பொட்டலம் ஒண்ணு, காய்ச்சி ஆறின தண்ணி ஒரு லிட்டர், கழியிற ஒவ்வொரு தடவைக்கும் அரை டம்ளர், கரண்டி கரண்டியா. தாய்ப்பாலை நிப்பாட்டவே இல்ல. கூடவே துத்தநாக மாத்திரை, கழிச்சல் நின்ன பொறவும் விடாம 14 நாள். அன்னைக்கே ஆஸ்பத்திரியிலயும் காட்டிட்டு வந்தாக. மறுநாள் காலையில உச்சிக்குழி மேல வந்து நிக்கிது. புள்ள என்னையப் பாத்துச் சிரிக்கிது.

நான் கொல்லைப்பக்கம் போயி உக்காந்துக்கிட்டேன்.

1974 சித்திரையில எம் ரெண்டாவது புள்ள, ஆம்பளைப் புள்ள, பதினோரு மாசம், இதே மாதிரி கழிச்சல்லதான் போனான். அவனுக்கும் உச்சி விழுந்துச்சு. அவனுக்கும் எண்ணெய்தான் வச்சேன். தண்ணிக்கு நாக்கை நீட்டினான், குடுக்கலை. குடுக்கக் கூடாதுன்னுதான் எனக்குச் சொல்லிக் குடுத்துருந்தாக. இந்தப் புள்ள சிரிச்ச அன்னைக்கு ராத்திரி பேரன் பொண்டாட்டிகிட்டக் கேட்டேன், "இந்த உப்புத் தண்ணி எப்பத்தா வந்துச்சு?" தேடிப் பாத்து வாசிச்சா. 1971ல வங்காளத்து எல்லையில போங்காவ்னு ஒரு ஊரு. போருக்குத் தப்பி வந்த அகதி சனம் காலராவுல சாகுது. நரம்புல ஏத்துறதுக்குச் சலைன் பாட்டில் இல்ல. திலீப் மகலானாபிஸ்னு ஒரு டாக்டரு உப்பையும் சக்கரையையும் தண்ணியில கலந்து வாய் வழியாவே குடுத்து எத்தனையோ பேரைக் காப்பாத்திருக்காரு. 1971. எம் புள்ள போறதுக்கு மூணு வருசம் முந்தி. அந்தச் சேதி எங்க ஊருக்கு நடந்தே வந்துக்கிட்டு இருந்துருக்கு.

இப்பச் சொல்லுங்க, நான் எந்த வாயால போனைத் திட்ட?

ஆனா அந்த உப்புத் தண்ணியிலயும் கள்ளத்தனம் உண்டு, பாத்துக்கங்க. கடையில அட்டை டப்பாவுல பழச்சாறு மாதிரி வந்துச்சு, மேல ஓஆர்எஸ்னு எழுதிருந்துச்சு, உள்ள வெறும் சக்கரைத் தண்ணி. கழியிற புள்ளைக்கு அது இன்னும் கேடு. ஐதராபாத்துல சிவரஞ்சனி சந்தோஷ்னு ஒரு புள்ளைக டாக்டரம்மா, எட்டு வருசமா இதே போன்லயும் கோர்ட்டுலயும் மல்லுக்கட்டி, 2025 அக்டோபர்ல அந்தப் பேரை டப்பாவுல போடக் கூடாதுன்னு உத்தரவு வாங்கிப்புட்டாக. ஒரே போன்லதான் அந்தம்மாவும் பேசுறாக, மஞ்சச் சேலை சிஸ்டரும் பேசுறா. மூஞ்சியைப் பாத்தா சிஸ்டர்தான் லெச்சணம்.

ஊசிக்கு வந்துருக்கீகல்ல, இதையும் சொல்லிர்றேன். வீட்டுக்கு வீடு சும்மாவே நெட்டு வந்துச்சே 2016ல, அதுக்கு மறு வருசம் பிப்ரவரியில தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேத்து ஊசி, ஒம்போது மாசத்துலேருந்து 15 வயசு வரைக்கும். அந்த ஊசி போட்டா பின்னாடி புள்ள பொறக்காதுன்னு வாட்சப்புல வந்துச்சு. யாரோ அழுகுற சத்தம் வேற. நம்ம ஊருல பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைக பாதி வரலை. எம் பேத்தியை ஆட்டுக் கொட்டிலுக்குள்ள ஒளிச்சு வச்சவ யாருங்கிறீக? நாந்தான். நர்சம்மா வந்து நிக்கிறா, உள்ள ஆடும் கத்துது, பேத்தியும் தும்முறா. "இந்த ஆட்டுக்குச் சளி புடிச்சுருக்கு"ன்னேன். "அப்ப ஆட்டுக்கும் ஒரு ஊசி போட்டுருவோம்"னு கதவைத் திறந்துட்டா. அந்தப் பேத்திக்கு இப்ப ரெட்டைப் புள்ள. புள்ள பொறக்காத ஊசி!

இன்னைக்கு ஊசி போட்டா ராத்திரி காய்ச்சல் வரலாம், தொடை கொஞ்சம் வீங்கலாம். ஒண்ணு ரெண்டு நாள்ல போயிரும். குடுக்குற மருந்தை நர்சம்மா சொன்ன அளவுக்குக் குடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு "ஊசி போட்ட குழந்தை"ன்னு போன்ல மட்டும் ஆரம்பிச்சுறாதீக. ஒண்ணைப் பாத்தா அது ஒம்பது கொண்டாந்து கொட்டும், ஒண்ணைவிட ஒண்ணு பயமா. பயந்தவ கண்ணை மூட மாட்டான்னு அதுக்குத் தெரியும். நம்ம முழிச்சிருக்குற ஒவ்வொரு நிமிசத்துக்கும் எவனோ ஒருத்தன் காசு எண்ணுறான்.

சில நேரம் தேடவே கூடாது. புள்ள பால் குடிக்காமத் தொவண்டு கெடக்கு, வெட்டு வருது, மூச்சுக்கு விலா உள்ள இழுக்குது, உள்ளங்கை உள்ளங்கால் வரைக்கும் மஞ்சளாப் போச்சு. புள்ளத்தாச்சிக்குத் தலை இடிச்சுக் கண்ணு மங்குது, பொட்டு ரத்தம் தெரியுது. அதே போனுதான், தேடாம அடி. 108. சந்தேகம் கேக்க 104. பெத்தவளையும் புள்ளையையும் வீட்டுல கொண்டாந்து விட 102. இந்த மூணு நம்பரு எனக்குத் தெரியும், எம் மகன் நம்பரு தெரியாது. அவன் எடுக்க மாட்டான், இவுக எடுப்பாக.

பேறுகாலத்தை வீட்டுல பாக்கலாம்னு சொல்ற வீடியோவும் வருது. எங்க மாமியாகூட நின்னு பேறுகாலம் பாத்த கையி இது, அதனால இதுல எனக்கு விளையாட்டு இல்ல. 2018 ஜூலையில திருப்பூர்ல படிச்ச புள்ள ஒருத்தி, டீச்சர் வேலை பாத்தவ, வீடியோ பாத்து வீட்டுலயே பெத்துக்கலாம்னு நெனச்சா. புள்ள பொழச்சுக்கிச்சு. ரத்தம் நிக்காம தாய் போயிட்டா. உதிரம் நிக்கலைன்னா எந்தக் கிழவி கையாலயும் ஆகாது தாயி. பாட்டிமாரு பெருமையைப் பேசுறவன், எங்க கையில செத்தவளுகளை மட்டும் கணக்குல சேக்க மாட்டான். எனக்கு மூணு பேரு மூஞ்சி இன்னும் தெரியும்.

ஏண்டி எல்லாத்தையும் நட்ட நடு ராத்திரியில கேக்குறீகன்னு யோசிச்சேன். பகல்ல யாருகிட்டக் கேப்பீக? தையல் போட்ட இடம் வலிக்கிதுன்னு மாமியாகிட்டச் சொன்னா, "நாங்க பெக்கலையா"ங்கிறா. மாரு கட்டிக்கிட்டுச் சுரம் அடிக்கிதுன்னு புருசன்கிட்டச் சொன்னா, மாத்திரை வாங்கியாறேன்னு போயி தாயக்கட்டம் ஆடுறான். போனு ஒண்ணுதான் "அப்படியா, சொல்லு"ங்கிது. நாங்க காது குடுத்துருந்தா நீங்க ஏன் கண்ணாடிக்குக் காது குடுக்கப் போறீக?

பச்ச உடம்புக்காரி ஒருத்தி, பேரு வேண்டாம், புள்ள மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம மூணு வாரம் சுவத்தைப் பாத்து அழுதா. எங்க காலமா இருந்தா பேயின்னு சொல்லிக் கோடாங்கிகிட்டக் கூட்டிப் போயி வேப்பிலையால அடிச்சுருப்போம். அவளுக்கே போன்ல எதுவோ தட்டுப்பட்டுருக்கு, பெத்தவளுக்கு வர்ற மனநோவு இது, மருந்து இருக்குன்னு. 14416ன்னு ஒரு நம்பரு, அதுல பேசிருக்கா. தமிழ்லயே பேசினாகளாம். அங்க சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தா. இப்ப நல்லாருக்கா. இந்தா, நம்ம கூடத்தான் உக்காந்துருக்கா. எவன்னு திரும்பித் திரும்பிப் பாக்காதீகடி.

அப்புறம் இந்தப் பணக் கதை. முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவித் திட்டத்துல பணமும் பெட்டகமுமாச் சேத்து 18,000 ரூவா. எப்ப வரும், எப்ப வரும்னு தேடுறீக. ஒருத்தன் கூப்பிட்டு, "பணம் வந்துருச்சும்மா, ஓடிபி சொல்லுங்க"ங்கிறான். கர்ப்பம்னு பதிஞ்சப்பக் குடுத்த பிக்மி நம்பரை நர்சம்மாகிட்டக் காட்டிக் கேளுங்க. குடுக்குறவன் எதுக்குடி உன்கிட்ட நம்பரு கேக்குறான்?

அந்தா, வண்டிச் சத்தம் கேக்குது. நர்சம்மாதான். போனை உள்ள வையிங்க, ஊசி அட்டையை வெளிய எடுங்க. ராத்திரி பாத்து வச்ச சந்தேகத்தையெல்லாம் அந்த மகராசிகிட்டக் கொட்டுங்க. வீடியோவைக் காட்டியே கேளுங்க, கோவிச்சுக்க மாட்டா. எங்கிட்டயும், "அப்பத்தா, வசம்பு இருக்கா"ன்னு ஒவ்வொரு வாரமும் முந்தியை அவுத்துப் பாத்துட்டுத்தான் போறா.

ஏய், யாருடி அவ, மரத்துக்குப் பின்னாடி நின்னு என்னையப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவ? எப்பலேருந்து பிடிக்கிற? கட்டெறும்புலேருந்தா? சரி, போட்டுத் தொலை. உரைகல்லு பேச்சு வருதுல்ல, அங்க வெட்டினன்னு வையி, அந்த வெளக்கமாறு இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு.